செவ்வாய்க்கிழமை வண்டி

கதிர்,

போன மாதம் நீ வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "அப்பா, இனிமேல வண்டி ஓட்டாதீங்க. எங்ககூட பூச்சோங்குக்கே வந்துருங்க" என்றாய். நான் பதில் சொல்லாமல் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினேன். நீயும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் கிளம்பும்போது வண்டியின் இடது கதவில் இருந்த கீறலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனாய். அதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். வாழ்நாளெல்லாம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவனுக்கு நேரில் பேசுவதைவிட இதுதான் கைவரும். ஞாயிறு பக்கத்திலும் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. வயதானவர்களை இந்தப் பக்கம் விட்டுவிட்டு நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் தெருவில் மட்டும் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

அந்த வண்டியை நான் ஏன் விடமாட்டேன் என்று அடம் பிடித்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தபோதுதான் ஏழு பேர் உட்காரும் இந்தப் பழைய வண்டியை வாங்கினோம். வாரத்துக்கு மூன்று தடவை நம் புக்கிட் ரோத்தானிலிருந்து டவுனுக்குப் போய்வருவோம். போகும்போது அவள் பாட்டுப் போடச் சொல்வாள். வரும்போது அசதியில் தூங்கிவிடுவாள். ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் லெட்சுமி அக்கா காலில் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். என் சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசைவீட்டில் இருந்தவர், தோட்டத்தை விற்றபின் நம் தாமான் குடியிருப்புக்கே வந்தவர். உன் அம்மாதான், "நிறுத்துங்க, அக்காவ ஏத்திக்கலாம்" என்றாள். அப்படித் தொடங்கியது. அடுத்த மாதம் அக்கா மாரியப்பனைக் கூட்டிவந்தார். என்னோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அதே மாரியப்பன்தான். பிறகு இன்னும் மூன்று பேர். எல்லாருக்கும் இனிப்பு நீர் வியாதி, எல்லாருக்கும் இரத்தக் கொதிப்பு, எல்லாருக்கும் வெவ்வேறு நாளில் கிளினிக்கில் அப்பாயின்மென்ட்.

உன் அம்மா அதற்கும் ஒரு வழி செய்தாள். கிளினிக் முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணிடம் போய், தன் சந்தை மலாயில், எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமையே போட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள். முதலில் முடியாது என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். கணினி எந்த நாளைக் கொடுக்கிறதோ அதுதானாம். உன் அம்மா வாசலில் நின்ற வண்டியைக் காட்டினாள். உள்ளே ஐந்து தலைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒவ்வொரு தேதியாக மாற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து நாங்கள் உள்ளே நுழைந்தாலே "கெங் செலாசா வந்துருச்சு" என்பாள். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்று அர்த்தம். உன் அம்மா போன பிறகு அவள் உட்காரும் முன் இருக்கையில் கொஞ்ச காலம் யாரும் உட்காரவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாரியப்பன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "டேய் பேப்பர்காரா, பின்னால என் முட்டி மடக்க முடியல" என்றான். அவன் முட்டிக்கு ஒன்றுமில்லை. எனக்கு அது தெரியும், அவனுக்கும் தெரியும்.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது இழுப்பு வந்து தவிப்பாய். அறுவடைக்குப் பிறகு தஞ்சோங் காராங் வயல்களில் வைக்கோல் கொளுத்தும் காலம் அது. மோட்டார் சைக்கிளில் உன்னை எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் வைத்து, வாய்க்கால் ஓரமாகவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். புகை வரும் பக்கம் அவள் தன் முந்தானையால் உன் முகத்தை மூடிவிடுவாள். மருந்துப் புகையைப் பிடித்துக்கொண்டு நீ தூங்கியபிறகு நானும் அவளும் கேன்டீனில் ஒரே தேநீரைப் பகிர்ந்து குடிப்போம். இப்போது அதே சாலையில் அதே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு போகும்போது, வண்டியில் ஐந்து பேர் பேசிக்கொண்டு வருவார்கள். மருத்துவம் முடிந்தால் பாசிர் பெனாம்பாங்கில் மீன் வாங்காமல் திரும்ப மாட்டார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது வண்டி முழுக்க வஞ்சிர மீன் வாடை. உன் மனைவி ஒருமுறை மூக்கைச் சுளித்தாளே, அதற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கூட்டத்தை உனக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் எங்கள் தோட்டத்து டிரசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் டிரசர். டாக்டர் அல்ல, ஆனால் எங்களுக்கு அவர்தான் எல்லாம். விடியற்காலையில் வேலைக்காரர்கள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும்போது அவரும் வருவார். உடம்பு சரியில்லை என்பவர்கள் தனியாக நிற்க வேண்டும். கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். அவர் 'சீக்கு' என்று சொல்லிவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். வேலை வாங்கும் மண்டோர் வேறு எல்லார் முன்னாலும், "நேத்துக் கள்ளுக்கடையில நல்லாத்தானடா இருந்த?" என்பார். அதனால் என் அப்பா காய்ச்சலோடு எழுந்த நாட்களில் பைப்பில் முகத்தை அழுத்திக் கழுவிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்பார். டிரசர் சந்தேகத்தோடு அருகில் வந்தால், அப்பா, "ஒன்னுமில்லைங்கய்யா" என்பார். பிறகு பால் வெட்டும் கித்தா மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு நடுங்குவார்.

அதே டிரசர்தான் மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போவார். வேலைக்கு வரமுடியாத வயசாளிகளை அவரவர் வாசலிலேயே பார்ப்பார். தைல வாடை முன்னால் வரும், பிறகு மணிச் சத்தம் கேட்கும். காய்ச்சலுக்குச் சிவப்பு மருந்து, வயிற்றுக்கு வெள்ளை மருந்து. புட்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் காலத்தை நான் பெரிதாகச் சொல்லவில்லை. இன்றைக்கு ஒரு மாத்திரையில் அடங்கும் நோய்க்கு அன்று ஆட்கள் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்கு நானே போயிருக்கிறேன். இருந்தாலும் அந்த மணிச் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கிழவரோ கிழவியோ தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்காருவார்களே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் இளகுகிறது. தன்னைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்பதிலேயே அவர்களுக்குப் பாதி வியாதி இறங்கிவிடும்.

இன்றைக்கு இருப்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிளினிக் சுத்தமாக இருக்கிறது. டாக்டர்கள் நன்றாகப் பார்க்கிறார்கள். மாத்திரைக்கு நாங்கள் கொடுப்பது ஒன்றுமில்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு நர்ஸ் மிஸ்ஸி வருகிறார். கைப்பேசியில் நேரம் பதியலாம், மருந்தைத் தபாலிலும் வாங்கலாம். படுக்கையில் விழுந்தவர்களுக்கு வழி இருக்கிறது, ஓடியாடுகிறவர்களுக்கும் இருக்கிறது. நடுவில் இருப்பவர்கள்தான் என் வண்டியில் வருகிறவர்கள். எழுந்து நடப்பார்கள், ஆனால் பஸ் நிற்கும் இடம்வரை நடக்க முடியாது. கைப்பேசி இருக்கும், அது பேரன் கையில் இருக்கும். லெட்சுமி அக்காவின் வீட்டு வாசலுக்கும் கிளினிக் வாசலுக்கும் நடுவில் இருக்கும் சாலை எந்த இலாகாவின் பொறுப்பிலும் இல்லை. அது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். நீ வண்டி ஓட்ட வேண்டாம் என்றபோது எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் அதுதான்.

இப்போது ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். வேடிக்கை மட்டும் இல்லை என்று நீயே புரிந்துகொள்வாய். இரத்தம் எடுக்கும் செவ்வாய் நெருங்கினால் எங்கள் கூட்டமே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடும். ஒரு வாரம் முன்பே சோற்றைக் குறைப்பார்கள். ரொட்டி சானாய் பரோட்டாக் கடையில் எல்லாரும் வரிசையாக 'தே ஓ கோசோங்', பாலும் சீனியும் இல்லாத வெறும் தேநீர். இரத்தம் எடுத்து முடித்த உடனே அதே கடையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், ஆளுக்கு இரண்டு. காலையில் விரலில் குத்திப் பார்த்தால் எல்லாருக்கும் சீனிக் கணக்கு நன்றாக இருக்கும். மிஸ்ஸி "பாகுஸ்" என்று பாராட்டுவார். அக்கா வண்டியில் ஏறும்போதே, "பாஸாயிட்டேன் தம்பி" என்பார்.

போன வருடம் வந்த டாக்டர் கிளந்தான்காரப் பெண், உன் வயதுகூட இருக்காது. அக்காவுக்கு நான்தான் பேச்சை மொழிமாற்றிச் சொல்வேன். டாக்டர் கணினியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு மலாயில் கேட்டார்: "அங்கிள், உங்க வண்டியில வர்றவங்க எல்லாருக்கும் காலையில எடுத்தா சீனி நல்லா இருக்கு, மூணு மாசத்துக் கணக்கப் பாத்தா எல்லாருக்கும் மோசமா இருக்கு. அது எப்படி?"

"என்னவாம்?" என்றார் அக்கா.

"மூணு மாசமா நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு இரத்தத்துல தெரியுதாம்."

"ஆத்தாடி! உன்னாட்டம் பேப்பர்ல போடாம விட்டாங்களே, அதுவரைக்கும் நல்லது."

டாக்டர் ஏசவில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அக்கா தன் கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா இருந்தா ஏச மாட்டீங்கல்ல" என்றார். அதை நான் மலாயில் சொன்னதும் அந்தப் பெண் கணினியை விட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். எழுபது வயதுக்கு மேலாகியும் இவர்கள் இன்னும் பெரட்டுக் களத்தில்தான் நிற்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் அதைச் சொல்ல முயன்றேன். பெரட்டு என்பதற்கு மலாயில் வார்த்தை இருந்தது; அந்தப் பயத்துக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் அது வேடிக்கையாக இல்லை. மாரியப்பன் முந்தின நாள் பகலிலிருந்தே பட்டினி கிடந்துவிட்டு, மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வந்து ஏறினான். அஸ்ஸாம் ஜாவா தாண்டியதும் பேச்சு நின்றது. மாரியப்பன் பேச்சை நிறுத்தினாலே நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். சட்டை நனைந்து தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். பின்னாலிருந்து அக்கா கையை நீட்டி அவன் வாயில் எதையோ திணித்தார். மிட்டாய். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. அவன் கண்ணைத் திறந்து பார்த்த முதல் ஆள் அக்கா, சொன்ன முதல் வார்த்தை, "பையில மிட்டாயே இல்லன்னு சாமி மேல சத்தியம் பண்ணியேக்கா!"

"வாய மூடிக்கிட்டுச் சப்பு" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம்.

இவ்வளவையும் பார்த்த நான் திருந்தியிருக்க வேண்டும். கதிர், நானும் அதையேதான் செய்தேன்.

எனக்கு இடது கண்ணில் ஒரு நிழல் விழ ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. முதலில் கண்ணாடியில் தூசி என்று துடைத்தேன். என்னைப் போன்ற இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கிளினிக்கில் வருடத்துக்கு ஒருமுறை கண் பார்ப்பார்கள். சுவரில் எழுத்துப் பலகை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க வேண்டும். வலது கண்ணால் வாசிக்கும்போதே கடைசி வரி எனக்குப் பாடமாகிவிட்டது. கூட்டத்தில் கேட்ட பேச்சைக் குறிப்பெடுக்காமலே வந்து எழுதியவன் நான். ஒரு வரி எழுத்து எம்மாத்திரம்? இடது கண்ணுக்கு அதையே ஒப்பித்தேன். மிஸ்ஸி "பாகுஸ்" என்றார். கண்ணைப் படம் பிடிக்க வேண்டும் என்றதற்கு, ஆட்கள் வண்டியில் காத்திருக்கிறார்கள், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உனக்கும் போனில் "நல்லா இருக்கேன்பா" என்றேன். கதவில் இருந்த அந்தக் கீறல் நம் வீட்டு வாசல் தூணில் இடித்ததால் வந்தது. அந்தத் தூண் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் இருக்கிறது.

நீ வந்துபோன அடுத்த வாரம், புக்கிட் ரோத்தான் முச்சந்தியில் இடதுபக்கமிருந்து ஒரு மோட்டார் வந்தது. நான் பார்க்கவில்லை. அவன் பிரேக் பிடித்துச் சறுக்கி, விழாமல் சமாளித்து, என்னைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான். அக்கா என் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அந்த மோட்டாரப் பாத்தியா?"

"பாத்தேன்கா."

கிளினிக்கில் டாக்டர் கூப்பிட்டபோது, "நீ இரு, நானே பேசிக்கிறேன்" என்று அக்கா தனியாக உள்ளே போனார். அவருடைய மலாய் எவ்வளவு என்று எனக்குத் தெரியும் என்பதால் ஆச்சரியமாக இருந்தது. ஆனால் 'மாத்தா' என்றால் கண் என்று அவருக்குத் தெரியும்; என்னைக் காட்டிவிட்டுத் தன் இடது கண்ணைப் பொத்திக் காட்டியிருக்கிறார்.

டாக்டர் என்னை எழுத்துப் பலகை முன்னால் உட்காரவைத்தார். வலது கண்ணை மூடச் சொன்னார். கடைசி வரியை ஒப்பித்தேன். "நல்லது அங்கிள், இப்ப வலது பக்கத்திலிருந்து வாசிங்க" என்றார். நான் திணறினேன். வரியைத் தலைகீழாக மனதுக்குள் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் அருகில் வந்து குனிந்து, மெதுவாக, "அங்கிளும் கெங் செலாசாவா?" என்றார். வாசலில் நின்ற மாரியப்பன் இதைக் கேட்டுவிட்டான். சாகும்வரை சொல்லிக் காட்டுவான்.

படம் எடுத்தார்கள். விழித்திரையில் சர்க்கரையால் இரத்தம் கசிந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசியும் லேசரும் உண்டாம். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது: ஆறு பேர் கிளினிக்கில், வீடு அங்கே, ஓட்ட ஆள் இல்லை. மாரியப்பன் தன் மருமகள் தேவிக்குப் போன் செய்தான். ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அன்று அவளுக்கு ஓய்வு நாள். யாருடைய மோட்டாரிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இவ்வளவு பெரிய வண்டியை அவள் ஓட்டியதே இல்லை. "மாமா, ஏசாதீங்க" என்று எனக்கும் மாரியப்பனுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஓட்டினாள். பின்னால் லோரிகள் ஹாரன் அடித்தன. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. மீன் வாடை அங்கேதான் அதிகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா பக்கத்தில் இருந்தார். "கோவமா தம்பி?" என்றார். "இல்லக்கா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பயமா இருக்குக்கா" என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார்.

ஆகவே நீ கேட்டதில் ஒன்றுக்குச் சரி. வண்டி ஓட்டமாட்டேன். இன்னொன்றுக்கு இல்லை, பூச்சோங்குக்கு வரமாட்டேன். உன் வீட்டில் எனக்குக் குறை வைக்கமாட்டீர்கள் என்று தெரியும். பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் பதினைந்தாவது மாடியில் நான் பார்வை மங்கிப்போன ஒரு கிழவன். இங்கே ஆறு பேரில் ஒருவன். என் கண்ணை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஆள். அப்படிப்பட்ட ஆள் உன் லிஃப்டில் எனக்குக் கிடைக்கமாட்டார். அக்காவுக்கும் நான் வேண்டும். அவர் மிட்டாயை யார் கண்காணிப்பது?

உன்னிடம் நான் கேட்பது வேறு. தேவி தன் ஓய்வு நாள் செவ்வாயில் விழும் வாரங்களில் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மற்ற வாரங்களுக்கு மசூதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹலீமிடம் கேட்டிருக்கிறேன். பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவருடைய அம்மாவும் அதே கிளினிக்தான். அப்படியும் மாதத்தில் ஒரு செவ்வாய் ஆள் இல்லாமல் நிற்கிறது. செவ்வாயில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு நாள் கணினியைத் தூக்கிக்கொண்டு முந்தின நாளே இங்கே வந்துவிடு. கிளினிக் வாகன நிறுத்தத்தில் நல்ல நிழல் இருக்கிறது, இன்டர்நெட்டும் கிடைக்கும். என்னைக் கூட்டிப்போவதற்காக வராதே. எங்களைக் கூட்டிப்போக வா.

வரும்போது ஒன்று தெரிந்துகொண்டு வா. என் தொழிலில் எனக்குப் பிடிபட்டது அதிகமில்லை; இது ஒன்று. கேட்ட உடனே வரும் முதல் பதில் ஊருக்குச் சொல்கிற பதில். அதை எழுதிக்கொண்டு எழுந்துவிட்டால் செய்தி கிடைக்காது. பேனாவை மூடிவிட்டு, அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஏறும்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேள். ஒன்னுமில்ல தம்பி என்பார்கள். நீ வண்டியைக் கிளப்பாதே. கண்ணாடியைச் சரிசெய்வது போல இரு. அதற்குப் பிறகு ஒருவர் கால் மரத்துப் போவதைச் சொல்வார், இன்னொருவர் மூன்று நாளாகத் தூக்கமில்லை என்பார். அதை டாக்டரிடம் சொல். எதையும் சுருக்காதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்து, "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்கிறாய். நல்லா இருக்கேன் என்கிறேன். சரிப்பா என்று வைத்துவிடுகிறாய். இனிமேல் உடனே வைத்துவிடாதே, கதிர். கொஞ்ச நேரம் பேசாமல் இரு. நான் சொல்வேன்.

உன் அப்பா